பாராட்டித்தான் எழுதினேன், அவர் ஏன் கோபப்படுகிறார்?

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவரின் கடிதம் இது. பன்னாட்டு நிறுவனம் ஒன்றில் குழுத் தலைவராக இருக்கிறார். படித்தது தமிழ் வழியில். ஆங்கிலத்தை வேலைக்கு வந்த பிறகு சொந்த முயற்சியில் வளர்த்துக்கொண்டவர். தன் குழுவிலேயே சிறந்தவர் என்று நினைக்கும் ஓர் இளைஞருக்கு ஆண்டு மதிப்பீடு எழுதியிருக்கிறார். வாடிக்கையாளர்களிடம் பேசி முடிப்பதில் அவர் 'கன்னிங்'. தரம் என்று வந்துவிட்டால் 'ஸ்டபர்ன்'. புதிதாகக் கற்பதில் 'சைல்டிஷ்' ஆர்வம் உள்ளவர். கெடுவுக்கு முன்பே வேலையை முடித்துவிடுவதில் 'நொட்டோரியஸ்'. அவருடைய யோசனைகள் பெரிய மாற்றங்களை 'காஸ்' செய்தன. மொத்தத்தில் செயல்பாடு 'சேடிஸ்ஃபேக்டரி'. மதிப்பீட்டின் சாரம் இவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அந்த இளைஞர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மனிதவளத் துறை விளக்கம் கேட்டிருக்கிறது. வேறு நாட்டில் இருக்கும் மேலாளர், "இவரை வாடிக்கையாளர்களோடு நேரடியாகப் பேச விடலாமா?" என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். "ஒவ்வொரு சொல்லையும் ஆங்கிலம்-தமிழ் அகராதியில் பார்த்துத்தான் போட்டேன். நொட்டோரியஸ் என்பதற்கு லத்தீன் மூலத்தில் 'அறியப்பட்ட' என்றுதான் அர்த்தம். தமிழில் இந்த வம்பே கிடையாது, ஆங்கிலம்தான் காலை வாருகிற மொழி" என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். தவறு தன்னுடையதா, அந்த இளைஞர் அவதூறு என்று வழக்குப் போட முடியுமா, மன்னிப்புக் கேட்டால் போதுமா, இனிமேல் இனிப்பான சொற்களை மட்டும் எழுதிவிட்டுப் போவதா, இல்லை மென்பொருளிடமே எழுதச் சொல்லிவிடலாமா என்று கேட்கிறார். பின்குறிப்பில் ஒரு சின்னக் கேள்வியும் இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் எண்ணத்தில் தவறு இல்லை, எழுத்தில் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் அடுத்து செய்ய வேண்டியது தெரியும். அந்த இளைஞர் தொட்டாற்சிணுங்கி என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்குகிற யார் உங்கள் மதிப்பீட்டைப் படித்தாலும், "ஆள் தந்திரக்காரன், சொன்னால் கேட்க மாட்டான், முதிர்ச்சி போதாது, பேர் கெட்டுப் போயிருக்கிறது, வேலை ஏதோ பரவாயில்லை" என்றுதான் எடுத்துக்கொள்வார். அந்த மேலாளர் வேறு எதையும் கற்பனை செய்துகொண்டு கேட்கவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார்.

தமிழில் இந்த வம்பு இல்லையா?

இருக்கிறது. நமக்குப் பழகிப்போனதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். ஒரே ஆளை வேண்டியவர் 'சிக்கனக்காரர்' என்பார், வேண்டாதவர் 'கஞ்சன்' என்பார். 'காலமானார்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'செத்தார்' என்று யாரும் எழுதுவதில்லை. சேதி ஒன்றுதான், மரியாதை வேறு. நன்னூல் என்ற இலக்கண நூல் இடக்கரடக்கல் (சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது), மங்கலம் (அமங்கலமானதை மங்கலமாகச் சொல்வது), குழூஉக்குறி (ஒரு குழுவுக்குள் மட்டும் புரியும் சொல்) என்று மூன்றையும் 'தகுதி' என்ற தலைப்பில் வைத்தே பேசுகிறது. ஆக, சொல்லின் பொருள் வேறு, அது பொருந்தும் இடம் வேறு என்பது நம் இலக்கணத்துக்குப் புதிது அல்ல.

1948-இல் பிபிசி வானொலி நிகழ்ச்சி ஒன்றில் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் இதை வேடிக்கையாக, வினைச்சொல் வாய்பாடு ஒப்பிப்பது போலச் சொன்னார். நான் உறுதியானவன், நீ பிடிவாதக்காரன், அவனோ வறட்டுப் பிடிவாதம் பிடித்த முட்டாள். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று தள்ளிப் போகப் போக அதே குணத்துக்குச் சொல் மோசமாகிக்கொண்டே போகிறது. நீங்கள் முதல் வரியை மனதில் வைத்துக்கொண்டு இரண்டாவது வரியின் சொல்லை எழுதிவிட்டீர்கள்.

லத்தீன் மூலத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன வேர் சரிதான். ஆனால் வேரை வைத்து இன்றைய சொல்லை நியாயப்படுத்த ஆரம்பித்தால் ஆபத்து. 'நைஸ்' என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு 'ஒன்றும் அறியாத' என்று அர்த்தம். அதை நினைத்துக்கொண்டு யாரும் 'நைஸ்' என்று சொல்வதில்லை. நம்மிடமே 'நாற்றம்' பழைய பாட்டுகளில் நறுமணம். இன்று ஒருவரிடம் போய் "உங்கள் மேல் நல்ல நாற்றம்" என்று சொல்லிவிட்டு, சங்க இலக்கியத்தைக் காட்டித் தப்பிக்க முடியுமா?

உங்கள் சொற்களை ஒவ்வொன்றாக

'நொட்டோரியஸ்' பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் அதிகச் சேதம் செய்தது அதுதான். ஆங்கிலம்-தமிழ் அகராதிகளில் இதற்குப் 'பேர்போன' என்ற பொருளைப் பார்த்திருப்பீர்கள். தமிழில் 'பேர்போன' இரண்டு பக்கமும் போகும். பாட்டுக்குப் பேர்போனவர் என்றும் சொல்கிறோம், வம்புக்குப் பேர்போனவர் என்றும் சொல்கிறோம். ஆங்கிலச் சொல் அப்படி இல்லை. கெட்ட காரியத்தால் பேர் எடுத்தவர்களுக்கு மட்டுமே அது. குற்றவாளி, கொடுங்கோலன், விபத்து அதிகம் நடக்கும் சாலை, இவற்றுக்கு முன்னால்தான் வரும். ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கே பொருள் சொல்லும் அகராதியைத் திறந்திருந்தால், கெட்டதற்காக அறியப்பட்டவர் என்று விளக்கத்திலேயே எழுதியிருக்கும். நண்பர்கள் நடுவே கேலியாக "வேலையைச் சீக்கிரம் முடிப்பதில் நொட்டோரியஸ்" என்று சொன்னால் சிரிப்பார்கள். மதிப்பீட்டுப் படிவத்தில் குரலும் இல்லை, முகமும் இல்லை. அங்கே கேலி எடுபடாது.

'கன்னிங்' கொஞ்சம் சுவாரசியமான சொல். ஒரு கருவியையோ ஏற்பாட்டையோ அப்படிச் சொன்னால், குறிப்பாகப் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில், 'சாமர்த்தியமாக யோசித்திருக்கிறார்கள்' என்ற பாராட்டாக வரும். மனிதரைச் சொன்னால் ஏமாற்றிக் காரியம் சாதிப்பவர் என்றாகிவிடும். அதுவும் வாடிக்கையாளரோடு பேசும் இடத்தில்! உங்கள் மேலாளர் பதறியது இதற்குத்தான். நீங்கள் நினைத்தது 'ஸ்கில்ஃபுல்' (திறமையான) அல்லது 'அஸ்ட்யூட்' (கூர்மதியுள்ள). 'ஷ்ரூட்' என்றும் போடலாம். ஒரு காலத்தில் பொல்லாத சொல்லாக இருந்தது, இன்று கூர்மையாக எடைபோடத் தெரிந்தவர் என்ற நல்ல பொருளுக்கு வந்துவிட்டது. பழைய காரம் லேசாக மிச்சம் இருக்கிறது, அதனால் மதிப்பீட்டில் நான் முதல் இரண்டோடு நின்றுகொள்வேன்.

'ஸ்டபர்ன்' என்பதோடு ஒட்டி வருபவை போகாத கறை, அடங்காத குழந்தை, நகர மறுக்கும் கழுதை. தரத்தில் விட்டுக்கொடுக்காதவர் என்று சொல்ல 'பெர்சிஸ்டன்ட்', 'டிடர்மின்ட்' இருக்கின்றன. 'சைல்டிஷ்' என்பதற்கு அதிகம் விளக்கம் வேண்டாம். நம் 'சிறுபிள்ளைத்தனம்' அது. 'குழந்தை மனசு' என்று சொல்ல 'சைல்ட்லைக்' வேண்டும். பணியிடத்தில் ஒரு பெரியவரைக் குழந்தையோடு ஒப்பிடாமல் 'ஈகர்' என்று முடித்துக்கொள்வது இன்னும் நல்லது.

'சேடிஸ்ஃபேக்டரி' என்பது உங்கள் கண்ணுக்கே படாமல் போன சொல். தமிழில் 'திருப்திகரமாக இருக்கிறது' என்றால் மனம் நிறைந்த பாராட்டு. ஆங்கிலத்தில், அதுவும் மதிப்பீட்டுப் படிவங்களில், 'தேறிவிட்டார், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை' என்பதுதான் அதன் தொனி. இங்கிலாந்தில் பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பு நான்கு தரநிலைகளில் மூன்றாவதை 'சேடிஸ்ஃபேக்டரி' என்று அழைத்துவந்தது. 2012-இல் அந்தப் பெயரையே எடுத்துவிட்டு 'முன்னேற்றம் தேவை' என்ற பொருள் தரும் தொடரை வைத்தார்கள். அந்தச் சொல் ஏற்கெனவே எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

மிச்சம் இருப்பது 'காஸ்'. இதைப் பற்றி மனிதவளத் துறையும் எதுவும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களும் கவனித்திருக்க மாட்டார்கள், ஆனாலும் படிப்பவர் மனதில் அது வேலை செய்திருக்கும். ஜே. ஆர். ஃபர்த் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர், தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் எழுதியவர், 1957-இல் ஒரு சொல்லை அதன் சேர்க்கையைக் கொண்டு அறியலாம் என்ற கருத்தைச் சொன்னார். பிறகு கோடிக்கணக்கான சொற்களைக் கணினியில் தொகுத்துப் பார்த்தபோது, 'காஸ்' என்ற வினைச்சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் வருபவை சேதம், சிக்கல், விபத்து, மரணம், கவலை என்று தெரிந்தது. அகராதிப் பொருள் வெறும் 'உண்டாக்குதல்'தான். கெட்ட சகவாசத்தால் சொல்லின் மேல் கறை படிந்துவிட்டது. இதற்கு 1990-களில் 'செமான்டிக் ப்ராசடி' என்று பெயர் வைத்தார்கள். அதனால் யோசனைகள் மாற்றங்களை 'காஸ்' செய்தன என்றால், ஏதோ குழப்பம் விளைவித்தார் போலிருக்கிறது என்ற எண்ணம் வரும். 'லெட் டு' (வழிவகுத்தன) என்று போட்டிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை.

இப்போது என்ன செய்யலாம்?

நேரில் கூப்பிட்டுப் பேசுவது மனதுக்கு நல்லது, ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அடுத்த ஆண்டோ, பதவி உயர்வு பேசும்போதோ அந்தக் கோப்பைத் திறப்பவருக்கு உங்கள் பேச்சு கேட்காது. எழுத்து மட்டும்தான் தெரியும். ஆகவே மனிதவளத் துறையிடம் மூல மதிப்பீட்டைத் திருத்த அனுமதி கேளுங்கள். கணினியில் படிவம் பூட்டப்பட்டுவிட்டது என்றால், திருத்தக் குறிப்பு ஒன்றைத் தேதியோடு இணைக்கச் சொல்லுங்கள். யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மேலாளர் ஏற்கெனவே பழையதைப் படித்துவிட்டார். இரண்டு பிரதிகள் உலவினால் சந்தேகம்தான் கூடும். பல நிறுவனங்களில் மதிப்பிடப்பட்டவர் தன் கருத்தை அதே படிவத்தில் பதிவு செய்ய இடம் உண்டு. அப்படி ஒரு வாய்ப்பு இருந்தால் அதை அவரிடம் நீங்களே சொல்லுங்கள். உங்களுக்கு எதிராக ஏதோ செய்யச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவராகத் தெரிந்துகொண்டு செய்வதைவிட நீங்கள் சொல்லிச் செய்வது இருவருக்கும் நல்லது.

மேலாளருக்குத் தனியாக, தாமதிக்காமல் பதில் எழுதுங்கள். சொல் தேர்வு தவறு, சொல்ல வந்தது இது, அதற்கு ஆதாரம் இது என்று மூன்று வரி போதும். ஆங்கிலம் எனக்குத் தாய்மொழி இல்லை என்று பத்தி பத்தியாக எழுதாதீர்கள். அவருக்கு வேண்டியது அந்த இளைஞரை நம்பலாமா என்பதற்கான பதில்.

இளைஞருக்கு எழுதும் மன்னிப்பிலும் இதே பள்ளம் காத்திருக்கிறது. 'யூ மிஸ்அண்டர்ஸ்டுட்' என்று தொடங்கினால் பழி அவர் மேல் போய்விடும். 'உங்கள் மனம் புண்பட்டிருந்தால்' என்று 'இஃப்' போட்டாலும் அதே கதைதான். புண்பட்டிருக்கிறதா என்பதில் உங்களுக்குச் சந்தேகம் என்றாகிறது. 'ரிக்ரெட்' என்பது நிராகரிப்புக் கடிதங்களில் வரும் தூரத்துச் சொல். 'ஐ யூஸ்ட் த ராங் வேர்ட்ஸ், அண்ட் ஐ அபாலஜைஸ்' என்று நேராக எழுதுங்கள். அதைவிட நல்லது, தமிழ் தெரிந்தவராக இருந்தால் தமிழிலேயே பேசிவிடுவது.

அவதூறு வழக்கைப் பொறுத்தவரை, நான் ஆங்கிலப் பயிற்சி தருபவன், வழக்கறிஞர் அல்ல. பொதுவாக, கடமையின் பேரில், தெரிந்துகொள்ள வேண்டியவர்களுக்கு மட்டும், நல்லெண்ணத்தோடு எழுதிய மதிப்பீட்டுக்குப் பல நாட்டுச் சட்டங்களில் பாதுகாப்பு உண்டு. உள்நோக்கம் இருந்ததா என்பதுதான் அங்கே பெரிய கேள்வி. தவறு தெரிந்த பிறகும் திருத்தாமல் விடுவதும், சம்பந்தமில்லாதவர்களுக்கு அந்தப் படிவத்தை அனுப்புவதும்தான் உங்கள் நிலையைப் பலவீனமாக்கும். அவரிடமிருந்து எழுத்தில் ஏதாவது வந்தால் உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். அதற்கு முன்னால் பயந்துகொண்டிருக்கத் தேவையில்லை.

இனிப்பு மட்டும் போதுமா?

இனி எல்லோருக்கும் நல்ல சொற்களையே போட்டுவிடுகிறேன் என்கிறீர்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எல்லாரையும் 'எக்ஸலன்ட்' என்று எழுதும் தலைவரின் 'எக்ஸலன்ட்' சீக்கிரமே மதிப்பிழக்கும். அப்புறம் உண்மையிலேயே சிறந்தவரைச் சொல்ல உங்களிடம் சொல்லே இருக்காது. குறையைக் குறையாகச் சொல்ல வேண்டிய இடங்களும் வரும். தொடர்ந்து தாமதமாக வருபவரைப் பற்றி 'நேரத்தோடு அவருக்கு ஒரு சேலஞ்ச் இருக்கிறது' என்று எழுதினால் அவருக்கும் புரியாது, படிப்பவருக்கும் புரியாது. தாமதமாக வருகிறார் என்று எழுதுங்கள்.

நான் சொல்லும் வழி வேறு. குணத்துக்குப் பெயர் வைப்பதைக் குறைத்துக்கொண்டு, நடந்ததை எழுதுங்கள். 'ஸ்டபர்ன்' வேண்டாம், 'டிடர்மின்ட்' கூட இரண்டாம்பட்சம். சோதனை முடியாத பதிப்பை வெளியிட மறுத்தார், அதனால் இன்ன பிழை வாடிக்கையாளரை எட்டாமல் தடுக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதினால் எந்த நாட்டு மேலாளரும் தவறாகப் படிக்க முடியாது. 'நொட்டோரியஸ்' இருந்த இடத்தில், கெடுவுக்கு முன் ஒப்படைத்த வேலைகளின் பெயரைப் போடுங்கள். பெயரடைகள்தான் பெரும்பாலும் காலை வாரும். நடந்த சம்பவம் அவ்வளவு சுலபத்தில் வாராது.

பெயரடை இல்லாமல் முடியாத இடத்தில், ஆக்ஸ்ஃபோர்டு அல்லது கேம்பிரிட்ஜ் வெளியிடும், கற்பவர்களுக்கான ஆங்கில அகராதியைப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சொல்லுக்குப் பக்கத்தில் 'டிஸ்அப்ரூவிங்', 'அப்ரூவிங்' என்று குறிப்பு இருக்கும். முதலாவது இருந்தால் அது ஏசும் சொல், இரண்டாவது புகழும் சொல். இரண்டும் இல்லாவிட்டால் கீழே இருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள். சொல் யாரோடு சேர்ந்து திரிகிறது என்பது அங்கே தெரிந்துவிடும். ஒத்த சொற்களை மட்டும் அடுக்கித் தரும் பட்டியலை நம்ப வேண்டாம். 'ஸ்லிம்', 'தின்', 'ஸ்கின்னி', 'ஸ்க்ரானி' நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடும். முதல் சொல் பாராட்டு, கடைசிச் சொல் கிட்டத்தட்ட வசவு என்பதைச் சொல்லாது.

சில சொற்கள் இடத்தைப் பொறுத்து மாறும். 'அக்ரெசிவ்' விற்பனைத் திட்டத்தோடு வந்தால் துடிப்பானது, மருத்துவத்தில் தீவிரமான சிகிச்சை, சக ஊழியரைச் சொன்னால் சண்டைக்காரர். 'ஸ்கீம்' பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் சாதாரணத் திட்டம், அமெரிக்கர் காதில் சூழ்ச்சி போல விழலாம். 'ஹோம்லி' பிரிட்டனில் பாந்தமான வீட்டைச் சொல்லும், அமெரிக்காவில் அழகில்லாத ஆளைச் சொல்லும். இன்னொன்று, உங்கள் குழுவில் பெண்களும் இருப்பார்கள். 'பாஸி', அதாவது அதிகாரம் செய்பவர், என்ற சொல் பெண்களைப் பற்றித்தான் அதிகம் வருகிறது. அதே நடத்தைக்கு ஆணை 'லீடர்' என்று எழுதிவிடுவார்கள். அந்தச் சொல் விரல் நுனிக்கு வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள்.

மென்பொருளை எழுதச் சொல்வதைவிடச் சரிபார்க்கச் சொல்லலாம். "இந்த வாக்கியத்தைப் படித்தால் பாராட்டு போலத் தெரிகிறதா, குறை போலத் தெரிகிறதா?" என்று கேட்டால் ஓரளவு உதவும். ஆனால் பெயர், வாடிக்கையாளர் விவரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கேளுங்கள். ஊழியரின் மதிப்பீட்டை வெளி மென்பொருளில் ஒட்டுவது பல நிறுவனங்களில் விதிமீறல். ஒரு வம்பிலிருந்து தப்ப இன்னொன்றில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

உங்கள் பின்குறிப்பு: மேலாளர் உங்கள் அறிக்கையை 'க்வைட் குட்' என்று எழுதியிருக்கிறார், சந்தோஷப்படலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் அமெரிக்கர் என்றால் தாராளமாகச் சந்தோஷப்படலாம், 'மிக நன்று' என்பதற்கு அருகில் வரும். பிரிட்டிஷ்காரர் என்றால் பெரும்பாலும் 'பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது' என்ற அளவில்தான் நிற்கும். அவர் எந்த நாட்டுக்காரர் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அவருக்குப் பதில் எழுதத்தான் போகிறீர்கள். அறிக்கையில் எதை இன்னும் சரிசெய்ய வேண்டும் என்று அதிலேயே ஒரு வரி கேட்டுவிடுங்கள்.